உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்கத் தெரியும் மழை

முதலில் ஒரு ஸ்ட்ராவைக் காட்டுகிறேன். இளநீர்க் கடையில் தருவார்களே, அதே ஸ்ட்ராதான். இரண்டு முனையும் டேப் போட்டு ஒட்டியிருக்கும். மேலே பேனாவால் காட்டின் பெயர்ச் சுருக்கம், மரத்தின் எண், தேதி. உள்ளே ஒரு மரக்குச்சி. கனம் 5 மில்லிமீட்டர், பென்சிலைவிட ஒல்லி. இந்தக் குச்சியைக் கட்டையில் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு 200 வருடம் முன்னால் எந்த வருடம் மழை பொய்த்தது என்று சொல்லிவிடலாம். குத்துமதிப்பாக இல்லை. வருடத்தைப் பேர் சொல்லி!

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, எங்கே வெட்டிய மரம் கிடந்தாலும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. போன வருடம் வீட்டு நிலைக்கதவுக்குத் தேக்கு எடுக்க மரவாடிக்குப் போனேன். வாடிக்காரர் ஒரு தடியின் அறுத்த முகத்தில் தண்ணீர் தெளித்து, கையால் துடைத்துக் காட்டினார். "ரேகை எவ்வளவு நெருக்கமா ஓடுது பாருங்கம்மா. அவசரப்படாம நின்னு வளந்த மரம்" என்றார். அவருக்கு அது உறுதியின் அடையாளம். நான் பார்த்தது, நெருக்கமாக ஓடிய ஏழெட்டு வளையங்களுக்கு அப்புறம் திடீரென்று தாராளமாக விரிந்திருந்த ஒரே ஒரு வளையத்தை. எந்த மலையில் நின்ற மரமோ தெரியாது. ஆனால் அந்த ஒரு வருடம் அதற்கு வயிறு நிறைந்திருக்கிறது! அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாடிக்காரர் இன்னொரு முறை தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்.

இந்த ரேகைகளைப் படிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் பட்டறைக்குள் இன்று எட்டிப் பார்க்கலாம். துறைக்கு மரவளையவியல் என்று கனமான பெயர். பார்த்தால் பாதி தச்சுப் பட்டறை, பாதி துப்பறியும் கதை.

அதன் தாய்வீடு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் டூசான் நகரம். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மரவளைய ஆய்வுக்கூடம் 1937-இல் தொடங்கியது. அப்போது கொடுத்த இடம் எங்கே தெரியுமா? கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில்! 'தற்காலிகமாக இங்கே இருங்கள்' என்றார்கள். அந்தத் தற்காலிகம் 70 வருடத்துக்கு மேல் நீண்டது. மேலே ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்க, கீழே அடுக்கடுக்காக மரத்துண்டுகள் வாய்மூடிக் கிடந்தன. 2013-இல்தான் சொந்தக் கட்டடம் வந்தது. இன்று அங்கே சுமார் 20 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. தட்டையான வில்லைகள், ஸ்ட்ரா குச்சிகள், பழைய வீட்டு உத்திரத் துண்டுகள், நூல் சுற்றிய கரித்துண்டுகள். கரித்துண்டு எதற்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்தக் கதையின் கதாநாயகன்.

அதற்கு முன்னால் வளையம் எப்படி விழுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். பட்டைக்கு உள்பக்கம் ஒட்டினாற்போல் ஓர் உயிருள்ள படலம் இருக்கிறது. குளிர்நாட்டுப் பைன் மரத்தில் வசந்தம் வந்ததும் இந்தப் படலம் பெரிய பெரிய செல்களாகக் கட்டத் தொடங்கும். மெல்லிய சுவர், வெளிறிய நிறம். கோடை முடியும்போது செல்கள் சிறுத்து, சுவர் தடித்து, நிறம் கறுக்கும். பிறகு குளிர்காலத் தூக்கம். அடுத்த வசந்தத்தில் மறுபடி வெளிறிய செல். கறுப்பு முடிந்து வெளுப்பு தொடங்கும் அந்தக் கூர்மையான கோடுதான் வருடத்தின் வரப்பு. தண்ணீர் தாராளமாகக் கிடைத்த வருடம் வயல் அகலம். கிடைக்காத வருடம் தலைமுடி கனம்.

தென்னையிலும் பனையிலும் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது. உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் எப்போதோ பிரித்து வைத்ததே, அந்தக் கோடு இந்த ஆய்வுக்கூடத்தின் வாசலிலும் கச்சிதமாக வந்து நிற்கிறது. பனை புல் வகை. அதற்கு வருட வளையம் இல்லை.

சரி, காட்டுக்குப் போவோம். எந்த மரத்தை எடுப்பது? ஆற்றங்கரையில் கொழுகொழுவென்று நிமிர்ந்து நிற்கிறதே, அதையா? அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்! அதற்கு எந்த வருடமும் தாகம் எடுத்ததில்லை. எல்லா வளையமும் ஒரே அகலம். சொல்வதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. ஆய்வாளர்கள் தேடி ஏறுவது பாறைச் சரிவுக்கு. மண்ணே இல்லாத இடுக்கில் வேர் விட்டு, முறுக்கிக்கொண்டு, பாதி காய்ந்து, உச்சி மொட்டையாகி நிற்கும் மரம்தான் அவர்களுக்குப் பொக்கிஷம். பெய்த மழையை அன்றன்றைக்குக் குடித்துப் பிழைத்த மரம் அது. ஒரு மழை தவறினாலும் உடம்பில் எழுதிவிடும்.

அந்த மரத்தை வெட்டுவதில்லை. பையிலிருந்து எடுப்பது ஒரு துளைக்கருவி. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஸ்லர் என்ற ஜெர்மன் வனவியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நம் ஆசாரிமார்களின் தமரைப் போலத்தான், ஆனால் உள்ளே குழாயாகக் காலியாக இருக்கும். நுனியில் திருகு வெட்டு. அதை மரத்தில் வைத்து, கைப்பிடியைக் குறுக்கே மாட்டி, உடம்பின் எடையைக் கொடுத்துச் சுற்ற வேண்டும். முதல் சில சுற்றுகள்தான் கடினம். திருகு பிடித்துவிட்டால், கிறீச் கிறீச் என்ற முனகலோடு அங்குலம் அங்குலமாக உள்ளே போகும். மரத்தின் நடு மையத்தைக் குறி வைத்துப் போக வேண்டும். வெளியிலிருந்து பார்த்து மையம் எங்கே என்று ஊகிப்பதில்தான் கைப்பக்குவம். பிறகு நீளமான கரண்டி போன்ற ஒன்றைக் குழாய்க்குள் செருகி, கருவியைப் பின்னோக்கி ஒரு சுற்று. குச்சி முறிந்து கரண்டியில் படுத்துக்கொள்ளும். மெதுவாக இழுத்தால்…

இந்த இடத்தில் எனக்கு மூச்சு நிற்கிறது. பட்டைப் பக்கம் இந்த வருடம். விரல் நகர நகரத் தாத்தா காலம். இன்னும் நகர்ந்தால் கம்பெனி காலம். ஈரமும் பிசினுமாக, புத்தம் புதிதாக! மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. பைன் மரம் தன் பிசினாலேயே துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு மரத்தில் வழக்கமாக இரண்டு குச்சி, ஓர் இடத்தில் இருபது மரமாவது எடுப்பார்கள். ஒரே மரத்தின் பேச்சை யாரும் நம்புவதில்லை. பக்கத்தில் இன்னொரு மரம் விழுந்து வெயில் கிடைத்திருக்கலாம், பூச்சி அரித்திருக்கலாம். இருபது மரமும் சேர்ந்து ஒரே வருடத்தில் சுருங்கினால்தான் அது வானத்தின் வேலை.

வெட்டாமல் துளைப்பதன் அருமை 1964-இல் பெரிய விலை கொடுத்துப் புரிந்தது. நெவாடா மாநிலத்தில் வீலர் சிகரத்துக்குக் கீழே பிரிசில்கோன் பைன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு கிழமரம் நின்றது. பனிப்பாறைகளின் பழைய வரலாற்றை ஆராய வந்த டொனால்ட் கரி என்ற இளம் ஆய்வாளர், வனத்துறையின் அனுமதியோடு அதை வெட்டினார். அறுத்த முகத்தில் எண்ணிப் பார்த்தால் வளையங்கள் 4,800-ஐத் தாண்டின. அதுவரை மனிதன் வயது கணித்த எந்த மரமும் அவ்வளவு மூத்ததில்லை. அந்த மரத்துக்கு 'பிரொமீதியஸ்' என்று பெயர் இருந்தது. எகிப்தில் பெரிய பிரமிடு எழுவதற்கு முன்னரே துளிர்த்த ஒன்று, ஒரே பகலில் கட்டையாகிவிட்டது. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில் எட்மண்ட் ஷுல்மன் 1957-இல் கண்டுபிடித்த 'மெதூசலா' என்ற அதே வகை மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது எந்த மரம் என்று அடையாளப் பலகை வைக்காமல் காக்கிறார்கள்.

ஸ்ட்ராவோடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பலாம். ஈரம் காய்ந்ததும், பள்ளம் வெட்டிய ஒரு மரச்சட்டத்தில் குச்சியைப் பசை போட்டுப் பதிப்பார்கள். நார் செங்குத்தாக நிற்கும்படி பதிக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் செல்லின் முகம் தெரியாது, எல்லாம் மங்கலாகிவிடும். முறுக்கிக்கொண்ட குச்சிக்கு ஆவி காட்டி நேராக்குவதும் உண்டு. பிறகு உப்புத்தாள். முதலில் சொரசொரப்பானது, அப்புறம் கொஞ்சம் நைசு, இன்னும் நைசு, கடைசியில் தொட்டால் காகிதம் போலவே இருக்கும் ரகம். பொறுமையில்லாதவருக்கு இங்கே வேலையில்லை. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கீறல், வளையம் போலவே நுண்ணோக்கியில் கண்ணடிக்கும்.

எல்லாம் சரியாக நடந்தால், மங்கலான பழுப்புக் குச்சி கண்ணாடியாகிவிடும். ஒவ்வொரு செல்லும் தேன்கூட்டு அறை மாதிரி வரிசைகட்டி நிற்கும். 10 வருடத்துக்கு ஒரு புள்ளி, 50-க்கு இரண்டு, 100-க்கு மூன்று, 1000-க்கு நான்கு என்று ஊசியாலோ பென்சிலாலோ குத்திக்கொண்டே போவார்கள். இந்தப் புள்ளிகள் உலகம் முழுக்க இந்தத் துறைக்கே பொதுமொழி. டூசானில் வைத்த புள்ளியை வேறெந்த நாட்டு ஆய்வுக்கூடத்திலும் படித்துவிடுவார்கள். நான்கு புள்ளியைக் குத்தும் கை எப்படி நடுங்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவுதானா, எண்ணினால் முடிந்ததா? இல்லை! இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். மரம் சில சமயம் பொய் சொல்லும். மிகக் கொடிய வறட்சியில் மரத்தின் ஒரு பக்கம் வளையமே போடாது. அந்த வருடம் நம் குச்சியில் காணாமல் போயிருக்கும். சில வருடம் நடுவில் வறண்டு, மரம் 'சரி, பருவம் முடிந்தது' என்று நினைத்துக் கறுப்புச் செல்லைக் கட்டத் தொடங்கும். அப்போது பார்த்து மழை கொட்டும். மறுபடி வெளுப்பு. ஒரே வருடத்தில் இரண்டு வளையம்! கோடையில் தனியாக ஒரு பருவமழை பெய்யும் அரிசோனாவில் இது அடிக்கடி நடக்கிறது. உண்மை வளையத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். பொய் வளையத்தின் ஓரம் ஈரத்துணியில் மை கசிந்தது போல் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கக் கண் பழக வேண்டும்.

ஆகவே எண்ணுவது இந்தக் கலை இல்லை. பொருத்துவதுதான் கலை. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு மரக்காரரே இல்லை, வானியலாளர்!

ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் 1867-இல் பிறந்தவர். செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாக நம்பிய பெர்சிவல் லோவெல்லுக்காக, அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் தொலைநோக்கி வைக்க இடம் பார்த்துக் கொடுத்தவர் இவர்தான். பிறகு அந்தக் கால்வாய்கள் கண்ணின் மயக்கமாக இருக்குமோ என்று சந்தேகித்தார். 1901-இல் வேலை போயிற்று. போனது எவ்வளவு நல்லதாயிற்று! டக்ளஸின் மனதை அப்போது பிடித்திருந்தது சூரியப்புள்ளிகள். சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை அவை கூடிக் குறைகின்றன. சூரியன் மாறினால் மழை மாறாதா? மழை மாறினால் மரம் மாறாதா? இப்படி யோசித்துத்தான் பைன் கட்டைகளின் முன் உட்கார்ந்தார்.

சூரியனின் சுழற்சியை மரத்தில் நிரூபிக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு மரத்தில் இருக்கும் அகலம்-குறுகல் வரிசை, பல மைல் தள்ளி நிற்கும் மரத்திலும் அப்படியே இருந்தது. குறுகல், குறுகல், அகலம், மிகக் குறுகல். பட்டுப்புடவை பார்டரை நெய்கிறவர் ஒரே அட்டையை வைத்து நூறு புடவைக்கும் ஓட்டுவது போல! எப்போதோ வெட்டிய ஓர் அடிக்கட்டையைப் பார்த்து, அந்தப் பார்டர் விளிம்பிலிருந்து எத்தனை வளையம் உள்ளே இருக்கிறது என்று கணக்கிட்டு, மரம் வெட்டப்பட்ட வருடத்தை டக்ளஸ் சொன்னார். நிலத்துக்காரர் ஆமாம் என்றார். அந்த 'ஆமாம்' காதில் விழுந்தபோது டக்ளஸுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதற்காக அவர் கண்டுபிடித்த முறை இன்றும் டூசானில் மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. ஒரு நீளமான கட்டம்போட்ட காகிதப் பட்டை. ஒவ்வொரு கட்டமும் ஒரு வருடம். வளையம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரமாக ஒரு கோடு. சாதாரண வளையத்துக்குக் கோடே இல்லை, காலி. பார்த்தால் பல் உதிர்ந்த சீப்பு போல இருக்கும். இன்னொரு மரத்தின் பட்டையை அதன் மேல் வைத்து, நகர்த்தி, நகர்த்தி… இரண்டு சீப்பும் ஒரே இடத்தில் பல் காட்டும்போது, அடடா! ஓரிடத்தில் ஒரு கட்டம் தள்ளிப்போனால், அங்கேதான் மரம் ஒரு வளையத்தை விழுங்கியிருக்கிறது. இன்று வளைய அகலத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் மேசைகள் உண்டு. ரிச்சர்ட் ஹோம்ஸ் எழுதி 1983-இல் வெளியிட்ட 'கோஃபெச்சா' என்ற மென்பொருள், எங்கே பொருத்தம் உதைக்கிறது என்று காட்டும். ஆனாலும் கணினி சந்தேகத்தைத்தான் கிளப்பும். திரும்பிப் போய்க் கட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது கண்.

இனி அந்தக் கரித்துண்டு. அமெரிக்கத் தென்மேற்கில் பழங்குடிகள் கட்டிவிட்டுப் போன பிரம்மாண்டமான கல் குடியிருப்புகள் இருக்கின்றன. சாக்கோ பள்ளத்தாக்கின் புவெப்லோ போனிட்டோ, மேசா வெர்டேயில் பாறைக் குடைவுக்குள் கட்டிய ஊர்கள். எந்த நூற்றாண்டில் கட்டினார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கூரை உத்திரங்கள் மட்டும் அப்படியே இருந்தன. டக்ளஸ் அவற்றைப் பொருத்திப் பொருத்தி 585 வருட நீளத்துக்கு ஒரு தொடர் கட்டினார். ஆனால் அந்தத் தொடர் அந்தரத்தில் மிதந்தது. 585 வருடம் சரி, எந்த 585? இன்னொரு பக்கம், உயிருள்ள மரங்களிலிருந்தும், ஹோப்பி மக்களின் ஒராய்பி கிராமத்துப் பழைய உத்திரங்களிலிருந்தும் பின்னோக்கிக் கட்டிய தொடர் 1260 வரை போய் நின்றது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. நேஷனல் ஜியோகிரஃபிக் சொசைட்டி பணம் கொடுத்து, 1923, 1928, 1929 என்று மூன்று முறை உத்திர வேட்டைக்கு ஆள் அனுப்பியது.

1929 ஜூன் 22. அரிசோனாவின் ஷோ லோ என்ற சிற்றூர். எமில் ஹாரி, லிண்டன் ஹார்கிரேவ் என்ற இரண்டு இளைஞர்கள் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் எரிந்து கரியான ஓர் உத்திரத் துண்டு தலைகாட்டியது. கரி, மரத்தைவிட நல்லது. மண்ணுக்குள் அழுகாது, செல் அமைப்பு அப்படியே நிற்கும். ஆனால் கை பட்டால் உதிரும். நூல் சுற்றி, பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகு ஊற்றிக் கட்டிக் காப்பாற்றினார்கள். இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அதற்கு ஹெச்ஹெச்-39 என்று எண்.

அன்று இரவு அந்த ஊர் விடுதியில் டக்ளஸ் கட்டையின் முன் உட்கார்ந்தார். சுற்றி மற்றவர்கள். பேச்சில்லை. அவருக்குத் தன் தொடர்கள் எல்லாம் மனப்பாடம். நம் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்க்காமலே நட்சத்திரம் சொல்வார்களே, அப்படி. வெளி வளையங்கள் 1300-களின் வரிசையோடு பொருந்தின. உள்ளே போகப் போக 1260 தாண்டியது. இன்னும் உள்ளே, 1237 வரை. அந்த உள் வளையங்களும் மிதக்கும் தொடரின் கடைசி வளையங்களும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. இரண்டு தொடர்களுக்கும் நடுவே உண்மையில் இடைவெளியே இல்லை! அவை முன்பே ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் கிடந்திருக்கின்றன. அந்த இடத்து மாதிரிகள் குறைவாகவும் நலிந்தும் இருந்ததால் யாராலும் துணிந்து சொல்ல முடியவில்லை.

ஒரே இரவில் நாற்பது இடிபாடுகளுக்கு வயது கிடைத்தது. புவெப்லோ போனிட்டோவின் ஓர் உத்திரம் 919-இல் வெட்டியது என்றார்கள். அதைவிட என்னை உலுக்கியது வேறு. 1276 தொடங்கி 1299 வரை, 24 வருடம், வளையங்கள் ஒடுங்கியே கிடந்தன. 'பெருவறட்சி' என்று டக்ளஸ் பெயர் வைத்தார். மேசா வெர்டே மக்கள் ஊரைக் காலி செய்தது அந்தக் காலத்தில்தான். சண்டை, நிலத்தின் களைப்பு, வேறு ஊரின் ஈர்ப்பு என்று இன்னும் பல காரணங்களைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள், அது நியாயமும்கூட. ஆனால் மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததற்குச் சாட்சி அந்தக் கரித்துண்டிலேயே இருந்தது.

பழங்கதையாகவே போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 1922-இல் கொலராடோ ஆற்று நீரை ஏழு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டன. மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். பிறகு 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். ஆற்றில் அவ்வளவு ஓடுகிறது என்று அளவைக் குறிப்புகள் சொல்லின. 1976-இல் சார்ல்ஸ் ஸ்டாக்டனும் கார்டன் ஜேக்கபியும் அந்தப் படுகை மரங்களைக் கேட்டார்கள். மரங்கள் சொன்ன நீண்டகாலச் சராசரி: 1 கோடியே 35 லட்சம் ஏக்கர்-அடிதான்! பின்னால் வந்த ஆய்வுகள் அதைச் சற்று உயர்த்தின, ஆனால் அடிப்படை மாறவில்லை. பங்கு போட்டவர்கள் பார்த்த அந்தச் சில வருடங்கள், பல நூற்றாண்டுகளில் அபூர்வமாக வரும் ஈரமான வருடங்கள். இல்லாத தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காவிரித் தீர்ப்புகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் வலி தனியாக விளக்க வேண்டியதில்லை. 2000 முதல் 2021 வரையிலான 22 வருடம், அந்தத் தென்மேற்குப் பகுதியில் கி.பி. 800-க்குப் பிறகு மிக வறண்ட 22 வருடம் என்று பார்க் வில்லியம்ஸ் குழு 2022-இல் சொன்னதும் இதே வளையங்களை வைத்துத்தான்.

வளைய அகலத்திலிருந்து தண்ணீர் அளவுக்கு எப்படி வருகிறார்கள் என்று கேட்பீர்கள். இளமரம் இயல்பாகவே தடித்து வளரும், கிழமரம் ஒடுங்கும். அந்த வயதுக் கணக்கை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தை, மழைமானியோ ஆற்று அளவையோ இருக்கும் வருடங்களோடு ஒப்பிடுவார்கள். இதில் ஓர் அழகான நேர்மை உண்டு. அளவைக் குறிப்பில் பாதியைக் காட்டிச் சமன்பாட்டைப் பழக்குவார்கள். மீதிப் பாதியை மறைத்து வைத்துத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறினால்தான் அளவையே இல்லாத நூற்றாண்டுகளுக்குள் நுழைய அனுமதி.

நம் பக்கம் திரும்பினால் ஒரு சங்கடம். வெப்பமண்டலத்தில் குளிர்காலம் இல்லை. பல மரங்கள் வருடம் முழுக்கத் தம் போக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும், வரப்பு விழாது. இதில் தேக்கு ஒரு வரம். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். மழை வாசம் பட்டதும், வெறும் கண்ணுக்கே தெரியும் பெரிய துளைகளை வரிசையாகக் கட்டி, புது வருடத்தைத் தொடங்கும். அந்த மரவாடியில் நான் பார்த்த கோடு அதுதான்! ஜாவா தேக்கை வைத்து 1514 வரை பின்னோக்கிப் போன தொடரை பெர்லாகே 1931-லேயே வெளியிட்டார். நமக்குப் பக்கத்தில், கேரளக் காட்டுத் தேக்கிலிருந்து 1481 முதல் 2003 வரை, 523 வருடத் தொடரை புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் போர்கோங்கரும் சகாக்களும் 2010-இல் வெளியிட்டார்கள். எல் நினோ தலையெடுத்துப் பருவமழை தவறிய வருடங்களில் அந்தத் தேக்கும் ஒடுங்கியிருந்தது. பசிபிக் கடல் சூடானதை மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து வைத்திருக்கிறது!

அதே 2010-இல் இன்னொரு பெரிய விருந்து. வியட்நாம் மலையில் நிற்கும் சைப்ரஸ் வகை மரங்களிலிருந்து பிரெண்டன் பக்லி குழு கிட்டத்தட்ட ஆயிரம் வருடத் தொடரை எடுத்தது. பக்கத்துக் கம்போடியாவின் அங்கோர் நகரம் சரிந்த 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பல பத்தாண்டுகள் நீண்ட வறட்சி. நடுநடுவே கொட்டித் தீர்த்த பேய்மழை. வறட்சிக்குப் பழகிய கால்வாய்கள் வெள்ளத்தில் மண் மூடிப்போயின. எட்வர்ட் குக் தலைமையில் நியூயார்க் பக்கத்து லாமண்ட்-டோகர்ட்டி ஆய்வுக்கூடம், ஆசியா முழுக்கத் திரட்டிய 327 மரத்தொடர்களைக் கோத்து, பருவமழை ஆசியாவின் வறட்சி வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 1300-இலிருந்து ஒவ்வொரு வருடக் கோடைக்கும் ஒரு வரைபடம். புரட்டப் புரட்ட ஏழு நூற்றாண்டு மழை கண்முன் ஓடுகிறது.

அதில் நான்கு பெருவறட்சிகளைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள். நான்காவதைப் பார்த்ததும் எனக்கு அதுவரை இருந்த துள்ளல் நின்றது. 1876 முதல் 1878. நம் தாது வருடப் பஞ்சம். கஞ்சித் தொட்டிக்காகப் பசியோடு வந்தவர்களை வைத்துச் சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயை வெட்டிய காலம். பாட்டிகள் கும்மிப்பாட்டில் பாடிவைத்த காலம். தானியம் கப்பலேறியதை எந்த மரமும் எழுதவில்லை. அந்தப் பாவம் மனிதர்களுடையது. ஆனால் மழை எவ்வளவு தூரத்துக்குப் பொய்த்தது என்பதை, கும்மி தெரியாத தேசத்து மரங்கள்கூட எழுதி வைத்திருக்கின்றன.

பர்மாத் தேக்கிலும் ரோசேன் டி'அரிகோ குழு மூன்று நூற்றாண்டுப் பருவமழையைப் படித்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு நினைவு வந்தது காரைக்குடிப் பக்கம். அங்கே எத்தனை வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்! ஐராவதிக் கரைகளில் பெய்த மழை செட்டிநாட்டு முகப்புகளில் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. தூணின் பக்கவாட்டில் வளையம் தெரியாது. அறுத்த முகம் வேண்டும். சென்ற மாதம் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தாழ்வாரத்து மூலையில் ஓர் உத்திரத்தின் முனை சுவரைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டியிருந்தது. ஒட்டடைக்கு நடுவே மங்கலாகக் கோடுகள்.

"அங்க என்ன பாக்குறீக?" என்றார் வீட்டு ஆச்சி.

"ஆச்சி, அந்த மரத்துல மழை எழுதியிருக்கு. கிட்டப் போய் எண்ணிப் பாக்கலாமா?"

ஆச்சி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். உத்திரத்தைப் பார்த்தார். அப்புறம் கொல்லைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏலே, அந்த ஏணிய எடுத்தா. அப்படியே ஈரத்துணியும் ஒண்ணு கொண்டா."